சூழல் மண்டல வரைபடம்

தட்பவெப்பம், மண், நிலவடிவம், தாவரம், நீர் ஆகியவை ஏறக்குறைய ஒத்திருக்கும் பரப்புகளுக்கு எல்லை வகுத்துக் காட்டும் வரைபடம். எந்தக் காட்டை அல்லது புல்வெளியைக் காப்பது, அங்கே எதை வளர விடுவது, எதைக் களைவது என்று முடிவு செய்ய இது உதவுகிறது.

1889இல் அமெரிக்கரான ஹார்ட் மெரியம் அரிசோனாவின் சான் பிரான்சிஸ்கோ மலைகளில் ஏற ஏறத் தாவரங்கள் அடுக்கடுக்காக மாறுவதைக் கண்டு 'உயிர் மண்டலம்' என்ற கருத்தை முன்வைத்தார். 1905இல் பிரிட்டனின் ஹெர்பர்ட்சன் உலகையே இயற்கை மண்டலங்களாகப் பிரித்தார். 'ஈகோரீஜன்' (சூழல் மண்டலம்) என்ற சொல் 1962இல் கனடாவின் ஓரி லூக்ஸிடமிருந்து வந்தது. இவையெல்லாம் அறிஞர்களின் மேசையிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டன.

மண்டல வரைபடம் களத்துக்கு இறங்கிய கதைக்கு அமெரிக்காவின் இலினாய் மாநிலம் நல்ல சான்று. 1973இல் ஜான் ஷ்வெக்மன் அதை 14 இயற்கைப் பிரிவுகளாக வகுத்தார். வடக்கிலும் நடுவிலும் கரிய மண்ணில் உயர்புல்வெளி, ஆற்றோரங்களில் மணற்பரப்பு, தென்கோடியில் சைப்ரஸ் மரச் சதுப்பு. ஒவ்வொரு பிரிவிலும் அங்கே இருந்த ஒவ்வொரு வகை வாழிடத்துக்கும் ஒரு மாதிரியாவது மிஞ்ச வேண்டும் என்பது நோக்கம். அத்தகைய இடங்களை 1975 முதல் 1978 வரை மாநிலம் முழுதும் தேடினார்கள். நல்ல நிலையில் எஞ்சியிருந்தது மாநிலப் பரப்பில் 0.07 விழுக்காடுதான். 'பிரெய்ரி (புல்வெளி) மாநிலம்' என்று பெயர் பெற்ற இடத்தில் அந்தப் புல்வெளியின் கடைசித் துண்டுகள் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் கிடைத்தன; ஏர் படாத இடங்கள் அவைதாம்.

அமெரிக்காவில் நாடு தழுவிய வரைபடங்கள் இரண்டு. 1976இல் அந்நாட்டு வனப் பணியகத்தின் ராபர்ட் பெய்லி தட்பவெப்பத்தை முதலில் வைத்துப் படிநிலையாகப் பகுத்தார். 1987இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஜேம்ஸ் ஓமர்னிக், எந்தக் காரணி முதன்மை என்பது இடத்துக்கு இடம் மாறும் என்றார். இருவர் கோடுகளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. இதைக் குறையென்று சொல்வதற்கில்லை. கேள்வி மாறினால் கோடும் மாறும். இரண்டும் 75 லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வெளிவந்தவை. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 7.5 கிலோமீட்டர். எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு காடு அமைந்துவிட்டால் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஓமர்னிக்கின் வரைபடத்தை ஒஹாயோ மாநிலம் தன் ஆறுகளுக்குப் பயன்படுத்தியது. பழைய ஏரிப்படுகையான சமவெளியின் மந்தமான ஓடையிலும் அப்பலேசிய மேட்டுநிலத்தின் கல்லோடையிலும் ஒரே மீன்களை எதிர்பார்க்க முடியாது. ஆகவே அந்தந்த மண்டலத்தில் அதிகம் கெடாத ஓடைகளை அளவுகோலாக்கி, 1990இல் நீர்த்தர விதிகளில் உயிரியல் வரம்புகளைச் சேர்த்தனர்.

உலக அளவில் 2001இல் டேவிட் ஓல்சனும் உடன் ஆய்வாளர்களும் நிலப்பரப்பை 867 மண்டலங்களாகப் பகுத்தனர். 2017இன் திருத்தத்தில் அது 846 ஆனது. இந்தியாவுக்கு 1988இல் ராட்ஜர்ஸும் பன்வாரும் 10 உயிர்ப்புவியியல் மண்டலங்களை வகுத்தனர். எந்த மண்டலத்தில் சரணாலயங்கள் போதவில்லை என்று கண்டறிவதே அவர்களுடைய வேலை. தமிழ்நாட்டில் அவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலை, தக்காணம், கடற்கரை ஆகிய மூன்றும் உண்டு. முதுமலைக்கும் கோடியக்கரைக்கும் ஒரே மாநில வனத்துறைதான் என்றாலும், இந்த வரைபடத்தில் அவை வெவ்வேறு மண்டலங்கள்.