ஒரு சொக்கட்டின் விலைக்குள் என்ன இருக்கிறது?

கராஜ் ஒன்றில் வேலை பழகுகிற எங்கட நண்பன், துருப்பிடித்த போல்ட் ஒன்றைக் கழற்றப்போய் அதன் மூலைகளை மழுங்கடித்துவிட்டான். "மலிவுச் சாமான் வாங்கினா இப்பிடித்தான் தம்பி" என்றார் பாஸ். பெயர்பெற்ற கம்பனியின் செட் ஒன்று வாங்க அவனுடைய சம்பளம் காணாது. அப்படியென்றால் நல்ல சொக்கட் காசுள்ளவனுக்கு மட்டும்தானா? அதன் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தோம்.

நூறு வருசத்துக்கு முன்னர் அமெரிக்க மெக்கானிக்குகள் வாங்கிய சொக்கட்டுகளில் பல கைபிடியோடு ஒரே துண்டாக இருந்தன. அளவு மாறினால் கருவியும் மாறவேண்டும். 1920இல் மில்வோக்கி நகரில் ஜோசப் ஜோன்சனும் வில்லியம் சைட்மனும், கழற்றி மாட்டக்கூடிய பத்துச் சொக்கட்டுகளையும் ஐந்து கைபிடிகளையும் ஒரு செட்டாக விற்கத் தொடங்கினார்கள். பதினைந்து துண்டுகள் ஐம்பது கருவிகளின் வேலையைச் செய்தன. அதுதான் ஸ்னாப்-ஒன். விலை கூடிய கருவி என்றதும் இன்று ஞாபகம் வருகிற அந்தப் பெயர், தொழிலாளியின் காசை மிச்சப்படுத்தும் யோசனையோடுதான் பிறந்தது.

அடுத்த பெரிய மாற்றம் 1960களில் வந்தது. சாதாரண சொக்கட் போல்ட்டின் கூரான மூலையை அழுத்தும். மூலைதான் முதலில் தேயும். ஸ்னாப்-ஒன் சொக்கட்டின் உள்வடிவத்தை மாற்றி, மூலையிலிருந்து சற்றுத் தள்ளித் தட்டையான பக்கத்தில் விசை விழும்படி செய்தது. அன்றைய அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள் 17 வருசம். காலம் முடிந்ததும் அந்த வடிவம் எல்லாருக்கும் பொதுவானது. இன்று மலிவான செட்டுகளிலும் அதைக் காணலாம்.

அப்ப மிச்ச விலை எதற்கு? ஒரு பகுதி உருக்கின் தரத்துக்கும் அளவின் துல்லியத்துக்கும். நல்ல உருக்கு என்றால் சுவரை மெல்லியதாக்கினாலும் வெடிக்காது. எஞ்சினின் ஒடுங்கிய இடங்களுக்குள் போகும். இன்னொரு பகுதி சேவைக்கு. அமெரிக்காவில் விற்பனையாளர் வானில் கராஜ் வாசலுக்கே வருவார், தவணைக்குக் கொடுப்பார், உடைந்ததை மாற்றித் தருவார். அந்த வான் வராத ஊரில் இருந்துகொண்டு அதே விலையைக் கொடுத்தால், கிடைக்காத சேவைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

திரும்ப எங்கட நண்பனிடம் வருவோம். அவன் போட்டது பன்னிரண்டு முனைச் சொக்கட். அறுகோணப் போல்ட்டை அது ஆறு முனைச் சொக்கட் அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது. துருப்பிடித்த போல்ட்டுக்கு மலிவான ஆறு முனைச் சொக்கட்டே கூடுதல் பாதுகாப்பு. பிழை விலையில் மட்டும் இல்லை, தெரிவிலும் இருந்தது.

அவனுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: சாதாரண ஆறு முனைச் செட் ஒன்றை வாங்கு. ஜப்பான் கார்களில் அடிக்கடி தேவைப்படுகிற 10, 12, 14 மில்லிமீற்றரை மட்டும் காசு சேர்த்துப் பிறகு நல்லதாக வாங்கு. ராச்செட்டுக்குக் கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம். 24 பல் ராச்செட்டை ஒவ்வொரு முறையும் 15 பாகை அசைக்கவேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். இம்பாக்ட் கன்னுக்கு மட்டும் அதற்கென்றே செய்த தடித்த கறுப்புச் சொக்கட்டைப் போடு. பளபளக்கிற குரோம் சொக்கட் அந்த அடியில் வெடித்துக் கண்ணில் தெறிக்கலாம். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.