பத்லா விட்டுச்சென்ற கணக்கு

நிஃப்டி குறியீட்டு ஆப்ஷன்கள் முடிவடையும் நாள் நெருங்கும்போதெல்லாம் வணிகச் செய்திகளில் ஒரே பாட்டுதான். இந்த ஸ்ட்ரைக்கில் (ஒப்பந்தத்தில் குறித்த விலையில்) கால் (வாங்கும் உரிமை) ஓப்பன் இன்ட்ரஸ்ட் குவிந்திருக்கிறது, அதனால் ரெசிஸ்டன்ஸ், மேலே ஏறாது. அந்த ஸ்ட்ரைக்கில் புட் (விற்கும் உரிமை) குவிந்திருக்கிறது, அதனால் சப்போர்ட், கீழே இறங்காது. சந்தையின் மனநிலையையே அளந்துவிட்டதாக இந்த வாசிப்பு நம்புகிறது. ஆனால் ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்பது இன்னும் தீர்க்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, அதாவது நிலுவை, அவ்வளவே. அதில் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். ஏறும் என்று நம்பியவருக்கு எதிரே, நம்பாதவர் ஒருவர் அதே அளவுக்கு நிற்கிறார். எண்ணிக்கை மட்டும் எந்தப் பக்கமும் சாய முடியாது. எத்தனை பேர் எவ்வளவு தூரம் கட்டுப்பட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும். பம்பாய்ப் பங்குச் சந்தையின் பழைய தலைமுறை இதை நன்றாக அறிந்திருந்தது. நாம்தான் பாதியை மறந்துவிட்டோம்.

அந்த அறிவுக்குப் பம்பாய் கொடுத்த விலை பெரிது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்காமல் போனபோது பம்பாயில் பணம் கொட்டியது. அந்தப் பணம் புதுப்புதுக் கம்பெனிகளின் பங்குகளில் பாய்ந்தது. பேக் பே கடல்தூர்ப்புக் கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய் வரை ஏறியது. பங்கு வணிகர் பிரேம்சந்த் ராய்சந்தின் பெயர் நகரமெங்கும் ஒலித்த காலம் அது. கைமாற்றுக்கு நாள் குறித்துப் பேசிய ஒப்பந்தங்களில் ஏராளமானவை 1865 ஜூலை 1-ஆம் தேதியில் வந்து குவிந்தன. ஏப்ரலிலேயே போர் முடிவுக்கு வந்துவிட்டது. பருத்தி விலையும் விழுந்துவிட்டது. அந்த ஒப்பந்தங்கள் தனித்தனி மனிதர்களுக்கு இடையில் போடப்பட்டவை. அவற்றையெல்லாம் ஓரிடத்தில் கூட்டிப் பார்க்க ஏற்பாடே இருக்கவில்லை. குறித்த நாள் வந்தபோதுதான் மொத்தச் சுமையும் கண்ணில் பட்டது. பங்குகளை ஈடாக ஏற்றுக் கடன் கொடுத்திருந்த பம்பாய் வங்கி 1868-இல் கலைக்கப்பட்டது.

பின்னாளில் பம்பாய்ப் பங்குச் சந்தை இருக்கும் தலால் தெருவில் வேரூன்றிய பத்லா முறையில் இந்த நிலுவை கண்ணுக்குத் தெரிந்தது. வாங்கியவர் பணம் கட்டாமல், விற்றவர் பங்கைக் கொடுக்காமல், கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போட அது வழி செய்தது. அப்படித் தள்ளிப்போட ஒரு விலை இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். வாங்கியவர்கள் கைமீறிப் போயிருந்தால், அதாவது தேஜிவாலாக்களின் சுமை கூடியிருந்தால், அவர்கள் பணம் தருபவருக்குப் பத்லா கட்டணம் கொடுத்தார்கள். மந்திவாலாக்கள் கையில் இல்லாத பங்கை விற்று மாட்டிக்கொண்டிருந்தால், கட்டணம் திசை மாறியது. பங்கைக் கடன் கொடுப்பவருக்கு அவர்கள் உந்தா பத்லா கட்ட வேண்டியிருந்தது. ஆக, நிலுவை எவ்வளவு என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, எந்தத் தரப்பு திணறுகிறது என்பதைக் காட்டும் இன்னொரு எண்ணும் நின்றது. 1982-இல் ரிலையன்ஸ் பங்கில் நடந்த மோதல் இதற்குச் சரியான சான்று. கல்கத்தாவின் மந்திவாலாக்கள் பங்கை விற்றுக்கொண்டே போனார்கள். ரிலையன்ஸ் அதிபர் அம்பானிக்கு ஆதரவான தரகர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். நிலுவை பெருகியதை மட்டும் பார்த்தவர், இந்தப் பங்கு விழப்போகிறது என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் வாங்கியவர்கள் தள்ளிப்போட மறுத்து, பங்கைக் கொடு என்று நின்றார்கள். உந்தா பத்லா எகிறியது, பம்பாய்ச் சந்தையே சில நாள் மூடிக்கிடந்தது, விற்றவர்கள் கிடைத்த விலைக்குப் பங்கை வாங்கி அடைத்தார்கள். அந்த ஏற்றத்தை நம்பிக்கையின் ஏற்றம் என்று எப்படிச் சொல்வது? மாட்டிக்கொண்டவர்கள் வெளியேறிய வேகம் அது.

1993 டிசம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி பத்லாவைத் தடுத்தது. பிறகு கட்டுப்பாடுகளோடு அது திரும்பி வந்தது. 2000 ஜூனில் குறியீட்டு ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள், தொடங்கின. பங்குத் தரகர் கேதன் பாரேக்கின் மோசடி விவகாரம் வெடித்த 2001-இல், ஜூலை 2 முதல் பத்லா முடிவுக்கு வந்தது. நிலுவை எண் ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. தள்ளிப்போடும் கட்டணமோ, ஃபியூச்சர்ஸ் விலைக்கும் ரொக்கச் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளிக்குள் போய் ஒளிந்துகொண்டது. முதல் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவதைப் பார்ப்பவர்கள் சிலரே.

நிலுவை எண் திசையைச் சொல்லாது என்பதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆப்ஷனை எழுதி விற்பவர்தான் பெரும்பணமும் விவரமும் உள்ளவர், ஆகவே அவர் நிற்கும் இடமே சந்தை போகும் வழி என்பார்கள். 2024-இல் செபி வெளியிட்ட ஆய்வு, ஃபியூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம் என்றும் காட்டியது. பணம் எதிர்த்தரப்பிலுள்ள பெரிய நிறுவனங்களுக்கும், தரகுச் செலவுக்கும் போகிறது என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து அவர்களுடைய திசையைக் கணிக்க முடியாது. கால் விற்ற ஒரு நிதியம் அதே பங்குகளைக் கையில் வைத்திருக்கலாம். இன்னொரு ஸ்ட்ரைக்கில் கால் வாங்கி ஈடுகட்டியிருக்கலாம். எந்தத் திசையிலும் கருத்தே இல்லாமல் ஆப்ஷனின் விலையான பிரீமியத்துக்காக மட்டும் விற்றிருக்கலாம். எண்ணிக்கையில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அமெரிக்காவில் இந்தக் குழப்பம் முன்பே உணரப்பட்டது. 1962-லிருந்து மாதந்தோறும் வெளியான விவசாயச் சந்தை அறிக்கைகள், நிலுவையில் தொழில்காரர்கள் எவ்வளவு, ஊக வணிகர்கள் எவ்வளவு என்று பிரித்தே காட்டின. யார் என்று தெரியாத எண்ணுக்கு அங்கே மதிப்புக் குறைவாகவே இருந்தது. தேசியப் பங்குச் சந்தையும் இன்று பங்கேற்பாளர் வகைவாரியாக நிலுவையைத் தினமும் வெளியிடுகிறது. ஆனாலும் நம் பேச்சு இன்னும் மொத்த எண்ணைச் சுற்றியே ஓடுகிறது.

அப்படியானால் இந்த எண்ணே வீணா என்றால், இல்லை. நெருக்கடி எங்கே சேர்கிறது என்பதை இதைவிட நேராகச் சொல்லும் எண்கள் குறைவு. ஒரு பங்கின் நிலுவை, சந்தை முழுமைக்குமான வரம்பில் 95 விழுக்காட்டைத் தாண்டினால் நிலையைப் பெருக்கத் தடை விழுகிறது. 80-க்குக் கீழே இறங்கும்வரை அதைக் குறைக்க மட்டுமே அனுமதி. 1865-இல் யாரிடமும் இல்லாதிருந்த எச்சரிக்கை மணி இது. 2025 மே மாதம் செபி இன்னொரு படி முன்னே போனது. நடப்பு விலைக்கு வெகு தூரத்தில் கிடக்கும், விலை ஏறினாலும் இறங்கினாலும் அசையாத ஓர் ஆப்ஷனையும் ஒரு முழு ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தையும் ஒரே எடையில் எண்ணிவந்த முறையை அது மாற்றியது. அடிப்படைப் பங்கின் விலை அசையும்போது ஒவ்வொரு ஆப்ஷனும் எவ்வளவு அசையும் என்பதை வைத்து இனி எண்ண வேண்டும் என்றது.