கண்ணாஸ்பத்திரி பஸ்ஸில் ஏறியவர்கள்

உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது எழுமலை. அந்தப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் கண் புரையை முன்பெல்லாம் யாரும் நோயென்றே எண்ணியதில்லை. வயசானால் கண்ணு மங்கத்தானே செய்யும் என்று அப்பத்தாக்கள் திண்ணையோடு ஒடுங்கிக்கொண்டார்கள். காட்டு வேலை நின்றது, பிறகு அடுப்படி வேலையும் நின்றது. பேரப்பிள்ளை கைபிடித்து நடத்திப் போனால்தான் வெளியே போக முடியும்.

மதுரை அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் பிரிவை நடத்திவந்த டாக்டர் கோ. வெங்கடசாமி இந்தக் கிராமத்து முதியவர்களை நன்கு அறிந்தவர். கரிசல் காட்டு வடமலாபுரத்துக்காரர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும், பயிற்சியால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆப்பரேசன்களைச் செய்தார். 1976இல் 58 வயதில் ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஆப்பரேசன் இலவசம் என்று சொன்னால் ஜனம் திரண்டு வந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வரவில்லை. ஊர் ஊராக நடந்த கண் பரிசோதனை முகாமில் புரை என்று சொல்லி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று ஊருக்குப் போய் விசாரித்தபோது பதில்கள் வந்தன: பஸ்ஸுக்குக் காசில்லை, மதுரையில் சோத்துக்கு என்ன செய்வது, துணைக்கு வர ஆளில்லை, ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பது, கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடுமே. ஒவ்வொன்றும் நியாயமான பதில்.

அந்தப் பதில்களுக்கு ஏற்ப ஆஸ்பத்திரி தன்னை மாற்றிக்கொண்டதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான கட்டம். முகாம் முடிந்த அன்றே பஸ் காத்திருந்தது. சாப்பாடும் தங்கலும் இலவசம். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாக ஏறி, ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒன்றாக ஊர் திரும்பினார்கள். தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருந்ததால் துணைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மருந்து ஊற்றியவர்களும் கிராமத்திலிருந்து எடுத்துப் பயிற்சி தரப்பட்ட பெண்களே. பாட்டியிடம் பாட்டியின் பேச்சிலேயே பேசினார்கள்.

சிகிச்சையும் மாறியது. அக்காலத்தில் புரையை எடுத்தபின் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தால் மறுபடியும் இருட்டு. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்ததால் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. விலை மளமளவென்று இறங்கியது.

ஆனாலும் எல்லோரையும் எட்டிவிடவில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, இப்பகுதிக் கிராமங்களில் கண் கோளாறு இருந்தவர்களில் 100க்கு 7 பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்றது. ஊருக்கே வந்த முகாமுக்கு இந்த நிலை! பெரியவர்களின் தயக்கம் அவ்வளவு ஆழமானது.

அதைக் கரைக்க வழி என்ன? அதற்கு முன்பே, 1991இல் வந்த இன்னோர் ஆய்வு எட்டு வகை முயற்சிகளைக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தது. புரை எடுத்துக்கொண்ட ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசியது நல்ல பலன் தந்தது. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் முதியவர்களின் சர்க்கரை நோயைக் கவனிக்க, அவர்கள் தெருவிலேயே வாழும் 'புரொமோத்தோரா' என்ற பெண்கள் வீடு தேடிப் போவதும் இதே வழிதான். டாக்டர் அறிவுரையைவிட, தெருவில் கூடப் பழகியவர் சொல்வது சட்டென்று மனசில் ஏறும்.

எழுமலைப் பக்கம் கண் ஆப்பரேசன் செய்துகொண்டு நன்றாக நடமாடும் பெரியவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள். அடுத்த முகாமுக்கு நோட்டீஸ் வரும்போது, பக்கத்து வீட்டில் தடவித் தடவி நடப்பவரிடம் அவர்களே போய்ப் பேச வேண்டும். கையோடு கூட்டிக்கொண்டும் போக வேண்டும்.