தம்பியின் பெல்ட்டும் சித்தப்பாவின் பெல்ட்டும்: பாரம் தூக்க இடுப்புப் பட்டி தேவையா?

சித்தப்பா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் இரண்டு பெல்ட்டுகள் தொங்குகின்றன. ஒன்று தடித்த தோல் பெல்ட். நான்கு அங்குல அகலம், இரட்டைக் கொளுக்கி. ஒரு வருடமாக ஜிம்முக்குப் போகும் தம்பியினுடையது. மற்றையது கறுப்பு இலாஸ்டிக், தோளில் மாட்ட வார், முன்னால் ஒட்டுப்பட்டி. அது சித்தப்பாவினுடையது. அவர் சீமெந்துக் கடையொன்றில் லொறி இறக்கும் வேலை செய்கிறார். போன வருடம் நாரி பிடித்து இரண்டு வாரம் படுத்திருந்தார். அதற்குப் பிறகு முதலாளி மூடை தூக்கும் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பெல்ட் வாங்கிக் கொடுத்தார்.

"அக்கா, நீங்கள் எழுதிற ஆள்தானே. இதைக் கட்டுறது நல்லதோ கூடாதோ எண்டு ஒருக்காத் தேடிப் பாத்துச் சொல்லுங்கோ. ஜிம்மில ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லுறாங்கள்" என்று தம்பி கேட்டான். சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது முதலாளி தந்த பொருள், கட்டத்தான் வேண்டும்.

நான் படித்தது ஊடகக் கற்கை, மருத்துவம் அல்ல. ஆனால் இந்த விடயத்தில் வெளியான ஆய்வுகள் பல பொதுவெளியில் இருக்கின்றன. வாசித்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது: தம்பியின் கேள்விக்கும் சித்தப்பா கேட்காத கேள்விக்கும் ஒரே பதில் இல்லை.

முதலில் பெல்ட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது முதுகைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் வேலை வயிற்றுப் பக்கம் நடக்கிறது. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் போத்தலை நினைத்துப் பாருங்கள். மூடியை இறுக்கிவிட்டால் அதை மிதித்தாலும் இலேசில் நசியாது. மூடியைத் திறந்துவிட்டால் ஒரு கையாலேயே நசித்துவிடலாம். பாரம் தூக்கும்போது ஆழமாக மூச்சை இழுத்து, அடக்கி, வயிற்றுத் தசைகளை இறுக்கினால் வயிற்றறைக்குள் அழுத்தம் கூடும். மூடி இறுக்கிய போத்தல்போல உடம்பின் நடுப்பகுதி விறைப்பாகும். முள்ளந்தண்டு தனியே வளைந்து கொடுக்காது. வயிற்றுத் தசை வெளியே தள்ளும்போது எதிர்த்து நிற்கும் ஒரு சுவராகத்தான் பெல்ட் உதவுகிறது. தள்ளாதவருக்கு அது வெறும் தோல்.

1989 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒன்பது பேர் தங்களால் தூக்கக்கூடிய அதிகபட்சப் பாரத்தின் 90 சதவீதத்தை நிலத்திலிருந்து தூக்கினார்கள். பெல்ட் கட்டியபோது வயிற்றறை அழுத்தம் முன்னதாகவே ஏறியது, உச்சமும் கூடியது. 2001 இல் வெளியான இன்னோர் ஆய்வு, தோளில் பாரத்தை வைத்துக் குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியைப் பார்த்தது. அங்கும் 90 சதவீதப் பாரந்தான். பெல்ட்டுடன் எழுந்தபோது வேகம் கூடியிருந்தது. அளந்த தசைகளின் செயற்பாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. "பெல்ட் கட்டினால் வயிற்றுத் தசை சோம்பேறியாகிவிடும்" என்று ஜிம்மில் சொல்லப்படும் கதையோடு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

ஆகவே, பாரமான எடையைத் தூக்கப் பழகியவருக்குப் பெல்ட் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. கட்டினால் நாரி காயப்படாது என்பதற்கு அப்படியான ஆதாரம் இல்லை. கடைக்காரர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் விற்கிறார்கள்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 1988 இல் நடந்த ஒரு சிறிய ஆய்வில், தங்களுக்குத் தாங்கும் என்று தோன்றும் பாரத்தைத் தெரிவுசெய்யுமாறு இளைஞர்களிடம் சொன்னார்கள். பெல்ட் கட்டியபோது அவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான பாரத்தைத் தெரிவுசெய்தார்கள். உடம்பு மாறவில்லை, துணிவு மாறியிருக்கிறது. தம்பியும் பெல்ட் வந்த கிழமையே பத்துக் கிலோ ஏற்றினான் என்று பிறகு ஒப்புக்கொண்டான்.

அவனிடம் நான் சொன்னது இதுதான். முதல் சில மாதங்கள் பெல்ட்டே வேண்டாம். மூச்சை நெஞ்சுக்கு அல்ல, வயிற்றுக்கு இழுக்கவும், யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் நாலாபக்கமும் இறுக்கவும் வெறும் இடுப்போடு பழக வேண்டும். முழங்காலும் இடுப்பும் மடிய, முதுகு வளையாமல் குந்தி எழ வரவேண்டும். அது கைவந்தபின், ஸ்குவாட், டெட்லிஃப்ட், தலைக்கு மேல் தூக்குதல் ஆகிய பயிற்சிகளில், அதிகபட்சத்தின் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட சுற்றுகளுக்கு மட்டும் கட்டலாம். இந்த 80 பயிற்றுநர்களிடையே நிலவும் ஒரு நடைமுறைக் கணக்கு, விஞ்ஞான விதி அல்ல. 100 கிலோவை ஒரு தடவை தூக்கக்கூடியவர் 60 கிலோவுக்குப் பெல்ட் கட்டத் தேவையில்லை. கையை மடக்கும் பயிற்சிக்கும் ஓட்ட இயந்திரத்துக்கும் கட்டிக்கொண்டு திரிவதில் ஒரு பலனும் இல்லை, கண்ணாடியில் வடிவாகத் தெரியும் என்பதைத் தவிர.

கட்டும் இடம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். மூச்சை இழுக்க முடியாத அளவு இறுக்கினால் முழு நோக்கமும் போய்விடும். வயிறு பெல்ட்டை எல்லாப் பக்கமும் தள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். சுற்று முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். பின்னால் அகலமாகவும் முன்னால் ஒடுங்கியும் வரும் பெல்ட்டுகள் இங்கே நிறைய விற்கின்றன. வயிறுதான் முக்கியம் என்று விளங்கியவருக்கு, முன்னால் ஒடுங்குவது ஏன் என்ற கேள்வி வரும். வலுத்தூக்கல் போட்டிகளில் பெரும்பாலானோர் கட்டுவது சுற்றிவர ஒரே அகலமான பெல்ட். சர்வதேச வலுத்தூக்கல் சம்மேளனம் 10 சென்ரிமீற்றர் அகலத்தையும் 13 மில்லிமீற்றர் தடிப்பையும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. ஒலிம்பிக்கில் இடம்பெறும் பளுதூக்கலில் அகல வரம்பு 12 சென்ரிமீற்றர்.

இரத்த அழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஜிம்களில் இப்போது இருபது வயதுப் பெடியன்கள் மட்டும் இல்லை. சலரோகமும் பிரஷரும் வந்தபின் "உடற்பயிற்சி செய்யுங்கோ" என்று டொக்டர் சொல்ல, நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வருபவர்களும் இருக்கிறார்கள். மூச்சை அடக்கிப் பாரம் தள்ளும்போது இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை 1985 இல் கனடாவில் ஒரு குழு நாடிக்குள் நேரடியாக அளந்தது. பயிற்சி பெற்ற ஐந்து உடற்கட்டு வீரர்கள், கால்களால் பாரம் தள்ளும் பயிற்சி. சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350. அமைதியாக இருக்கும் உடம்பில் 120/80 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவை சில விநாடிகள் மட்டுமே நீடிப்பவை, ஆரோக்கியமான இளம் உடம்பு தாங்குகிறது. அந்த அளவீடு பெல்ட் பற்றியது அல்ல. ஆனால் 1989 இல் வெளியான வேறோர் ஆய்வில், சைக்கிள் மிதிக்கும்போதும் பாரத்தை இழுத்துப் பிடித்து நிற்கும்போதும், பெல்ட் கட்டியவர்களின் இரத்த அழுத்தம் கட்டாதபோது இருந்ததைவிட உயர்ந்திருந்தது.

எனவே பிரஷருக்குக் குளிசை எடுப்பவர்கள், இதய வருத்தம் உள்ளவர்கள், சலரோகத்தால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் பெல்ட் பற்றி ஜிம் மாஸ்டரிடம் அல்ல, தங்கள் வைத்தியரிடந்தான் முதலில் கேட்க வேண்டும். இவர்களுக்கு மூச்சை அடக்கித் தூக்குவதே பிரச்சினை, பெல்ட் அதற்குமேல் வருவது. இலேசான பாரம், தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது என்று வேறு வழிகள் இருக்கின்றன.

தம்பியின் கதை இத்தோடு முடிகிறது. சித்தப்பாவின் பெல்ட்டுக்கு வருவோம். ஆய்வுகள் கூடுதலாக நடந்ததும் இந்தப் பக்கத்தில்தான்.

1990 களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்தளங்களில் இப்படியான பெல்ட்டுகள் பெருகின. அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் 1994 இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, காயமில்லாத தொழிலாளருக்கு முதுகுப் பாதுகாப்பாக இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 1996 இல் வேறோர் ஆய்வு எதிர்மாறாக வந்தது. ஒரு கட்டடப்பொருள் கடைத்தொடரில் ஏறத்தாழ 36,000 ஊழியர்களின் பதிவுகளைப் பார்த்ததில், பெல்ட் கட்டாயமாக்கப்பட்டபின் கீழ் முதுகுக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. பெல்ட் விற்பவர்கள் இன்றும் காட்டுவது இதைத்தான். சிக்கல் என்னவென்றால், பக்கத்தில் வைத்து ஒப்பிட, பெல்ட் கொடுக்காத ஒரு குழு அங்கே முறையாக இருக்கவில்லை. அதே காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்திருக்கலாம்.

அந்தக் குறையை நிவர்த்திக்கத்தான் அதே தேசிய நிறுவகம் ஒரு பெரிய ஆய்வைச் செய்து 2000 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு சில்லறைக் கடைத்தொடரின் 160 புதிய கிளைகள், 9,377 ஊழியர்கள், இரண்டு வருடங்கள். சில கிளைகளில் பெல்ட் கட்டாயம், மற்றவற்றில் விரும்பினால் கட்டலாம். தினமும் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் இடையே முதுகு நோவிலோ காயத்துக்கான நட்டஈட்டுக் கோரிக்கையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்பே முதுகுக் காயம் வந்தவர்களிடமும் இல்லை. நெதர்லாந்தில் விமானச் சரக்கு இறக்கும் 312 தொழிலாளரிடம் நடந்து 1998 இல் வெளியான ஆய்வும் இதே முடிவைத்தான் சொன்னது.

என்னைக் கவலைப்படுத்தியது அவற்றுக்கு முந்தைய ஒன்று. 1992 இல் அமெரிக்க விமானப் பொதி சுமக்கும் தொழிலாளரிடம் ஜிம் பெல்ட்டையே கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில் காயங்கள் குறையவில்லை. இடையில் கட்டுவதைக் கைவிட்டவர்களிடம் காயம் கூடுதலாகவும் பாரதூரமாகவும் இருந்ததாக அறிக்கை சொல்கிறது. காரணம் பலவாக இருக்கலாம். நோவு வந்ததால்கூடக் கழற்றியிருக்கலாம். இருந்தாலும் மாதக்கணக்காக நாள்முழுதும் கட்டிப் பழகிய சித்தப்பாவைப் போன்றவர் ஒரு நாள் திடீரென்று கழற்றி எறிந்துவிட்டு அதே பாரத்தைத் தூக்கக் கூடாது என்று நான் நினைக்க இது போதும். இலேசான வேலையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதே நல்லது.

ஜிம்மில் தம்பி ஒரு பயிற்சியில் பாரமான எடையை மொத்தம் இருபது தடவை தூக்குவான். சுற்றுக்குச் சுற்று மூன்று நிமிட ஓய்வு, பாரத்தைத் தெரிவுசெய்வதும் அவனே. சித்தப்பாவின் கணக்கு வேறு. பத்துத் தொன் லொறி என்றால் 50 கிலோ பைகள் 200. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 பை, 2,500 கிலோ. லொறித் தட்டிலிருந்து தோளில் வாங்கி, திரும்பி, நடந்து, குனிந்து அடுக்க வேண்டும். ஒவ்வொரு பைக்கும் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்க யாருக்கு நேரம்? இலாஸ்டிக் பெல்ட்டில் அப்படித் தள்ளி நிற்க விறைப்பும் இல்லை.

அமெரிக்கத் தேசிய நிறுவகம் பாரம் தூக்குவதற்கு வைத்திருக்கும் சூத்திரத்தில், எல்லா நிலைமைகளும் சரியாக இருந்தால் பரிந்துரைக்கப்படும் உச்சம் 23 கிலோ. பாரம் உடம்போடு ஒட்டி, சரியான உயரத்தில், உடம்பைத் திருப்பாமல், அடிக்கடி இல்லாமல் தூக்கும்போதுதான் அந்த 23. நிலைமை மோசமாக மோசமாக அது இறங்கும். பிரித்தானியாவின் வழிகாட்டலில் ஆண்களுக்கு 25 கிலோ. அங்கே கடைகளில் சீமெந்து வருவதும் 25 கிலோப் பையில்தான். சர்வதேச தொழில் தாபனம் 1967 இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் 55 க்குக் குறைக்க வேண்டும் என்கிறது. எங்கள் 50 கிலோப் பை அந்தப் பழைய வரம்புக்குள் ஐந்து கிலோ இடைவெளியில் தப்பிவிடுகிறது. 23 என்ற கணக்கில் இரு மடங்குக்கும் மேல். கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமைகள் சுமப்பதும் இதே மூடைகளைத்தான், சிலவேளை இதைவிடப் பெரியவற்றை.

பெல்ட் கொடுத்த முதலாளியை நான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு அது அக்கறைதான். ஆனால் நான்கு பெல்ட்டின் காசு ஒரு நல்ல தள்ளுவண்டிக்கான காசில் ஒரு பகுதியாவது இருக்கும். லொறித் தட்டிலிருந்து களஞ்சியத்துக்கு ஒரு சரிவுப் பலகை, இடுப்பு உயரத்தில் அடுக்க ஒரு மேடை, ஒரு பையை இருவர் பிடிப்பது, நடுவில் பத்து நிமிட ஓய்வு என்று எல்லாமே தூக்கும் பாரத்தையோ தடவைகளையோ உண்மையாகவே குறைப்பவை. பெல்ட் ஒரு கிலோவையும் குறைப்பதில்லை.

மருந்துக் கடையில் விற்கும் நாரிப் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோவு வந்தபின் குறுகிய காலத்துக்கு வைத்தியரோ இயன்மருத்துவரோ கட்டச் சொன்னால் கட்டலாம். அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம் என்பதல்ல அதன் பொருள். நாரி நோவோடு கால் பலவீனமடைந்தால், தொடைகளின் உட்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்தால், சலம் போவது தடைப்பட்டால் அல்லது கட்டுப்பாடின்றிப் போனால் பெல்ட்டைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கும் நிலை அது. மணித்தியாலங்கள் முக்கியம்.

தம்பி இப்போது பெல்ட்டைக் கடைசி இரண்டு சுற்றுக்கு மட்டும் கட்டுகிறான், ஏற்றிய பத்துக் கிலோவையும் இறக்கிவிட்டான். சித்தப்பாவிடம் தள்ளுவண்டி பற்றிக் கேட்டேன். "அது கடையில கிடக்குது பிள்ளை. சில்லு காத்துப் போய் ஆறு மாசம். முதலாளியிட்டச் சொல்லோணும்" என்றார். அடுத்த லொறி வியாழக்கிழமை வருகிறது.