தரையில் நிற்கும் பைலட்

ரிமோட் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ரிமோட் விமானத்தையும் ஓட்டிவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். காரில் தவறு செய்தால் அது சுவரில் முட்டி நிற்கும், ரிவர்ஸ் எடுத்தால் போதும். விமானத்துக்கு ரிவர்ஸும் இல்லை, பிரேக்கும் இல்லை. "கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம்" என்ற பேச்சே ஆகாயத்தில் கிடையாது. பல மாதங்கள் மாலை நேரத்தில் உட்கார்ந்து பால்சா மரத்தை வெட்டி, ஒட்டி, காகிதம் போர்த்தி, வார்னிஷ் அடித்துச் செய்த விமானம் முதல் நாளில் அரை நிமிடத்துக்குள் மண்ணில் குத்தி நொறுங்கும். இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக நுழைந்த எத்தனையோ பேருக்கு இதுதான் முதல் அனுபவம். பலருக்கு அதுவே கடைசி அனுபவமும் கூட.

ஏன் இவ்வளவு கஷ்டம்? உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பைலட்டுக்கு விமானம் சாய்வது உடம்பிலேயே தெரியும். தரையில் நிற்பவருக்குக் கண் மட்டும்தான். அதைவிடப் பெரிய தொல்லை இடது வலது மாறிப்போவது. விமானம் விலகிப் போகும்வரை எல்லாம் சரியாக இருக்கும். திரும்பி, ஓட்டுபவரை நோக்கி வர ஆரம்பித்ததும் அதன் வலது பக்கம் அவருக்கு இடது பக்கமாகிவிடும். சாய்வைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு அவர் குச்சியைத் தள்ள, விமானம் இன்னும் அதிகமாகச் சாயும். பயத்தில் இன்னும் தள்ளுவார். அவ்வளவுதான், கதை முடிந்தது!

சரி, இந்தச் சிக்கலை எப்படி சமாளித்தார்கள்? ரேடியோ நன்றாக ஆக ஆக ஓட்டுவதும் சுலபமாகியிருக்கும் என்றுதான் தோன்றும். நடந்தது அப்படி இல்லை.

ரேடியோ வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1871 ஆகஸ்டில் பாரிஸ் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர்தான் எஞ்சின். 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது. தூரம் பெரிதல்ல, ஆனால் அதை யாரும் ஓட்டவில்லை. வால் பகுதியின் கோணமும், நுனியில் மேல்நோக்கி வளைந்த இறக்கையும் அதைத் தானாகவே நேராக வைத்திருந்தன. (பெனோ தன் பெரிய விமானக் கனவுக்கு ஆதரவு கிடைக்காமல் 1880ல், 30 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையின் மாதிரி ஒன்றைத்தான் 1878ல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் அப்பா வாங்கிவந்து கொடுத்தார்.)

மேல்நோக்கி வளைந்த இறக்கையின் ரகசியம் எளிமையானது. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கைகளும் அகன்ற 'வி' போலத் தெரியும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகச் சறுக்கும். சறுக்கும்போது தாழ்ந்த இறக்கையில் காற்று அதிகக் கோணத்தில் மோதி, அதைத் திரும்ப மேலே தூக்கிவிடும். இதற்கு டைஹெட்ரல் என்று பெயர். இந்த ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

ரேடியோவால் ஒரு வண்டியை ஓட்டலாம் என்று நிகோலா டெஸ்லா 1898ல் நியூயார்க்கில் செய்து காட்டினார். அவர் ஓட்டியது படகு. தண்ணீரில் படகு காத்திருக்கும், அதனால் அது முடிந்தது. பொழுதுபோக்கு மாதிரி விமானத்துக்கு இன்னும் ஏறக்குறைய 40 வருடங்கள் ஆயின. ரிசீவருக்குக் கண்ணாடி வால்வுகள், அந்த வால்வுகளுக்குக் கனமான பேட்டரிகள், அதையெல்லாம் தூக்க ஓர் எஞ்சின் என்று ஒன்றுக்கொன்று எடை கூடிக்கொண்டே போனதுதான் காரணம்.

1937ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், கலமசூ ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் தங்கள் 'கஃப்' விமானத்தை ரேடியோ மூலம் ஓட்டினார்கள். இறக்கையின் நீளம் சுமார் 2.4 மீட்டர், எடை சுமார் 4 கிலோ. இருவரும் மாணவர்கள். வால்டருக்கு விமானம், வில்லியமுக்கு ரேடியோ. அந்தக் காலத்தில் ரேடியோ ஒலிபரப்ப வேண்டுமானால் மோர்ஸ் குறியீடு உட்பட தேர்வு எழுதி அமெச்சூர் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதாவது, விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் தந்தி அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்!

கவனிக்க வேண்டியது, கஃப் ரேடியோ இல்லாமலே நன்றாகப் பறக்கும் விமானம். பெனோவின் வாரிசு என்றே சொல்லலாம். முதலில் சும்மா பறக்கவிட்டுப் பழகிய பிறகே அதில் ரேடியோவை ஏற்றினார்கள். ரேடியோவின் வேலை ஓட்டுவது இல்லை, அவ்வப்போது "இந்தப் பக்கம் போ" என்று தட்டிக்கொடுப்பது மட்டும். 1938 தேசியப் போட்டியில் கஃப் முதலிடம் பிடித்தது. பிற்பாடு 1960ல் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதே காலத்தில் ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்ற ஆங்கிலேய நடிகர் மாதிரி விமானக் கடை ஒன்றை நடத்திவந்தார். பொழுதுபோக்காக ஆரம்பித்தது ரேடியோபிளேன் என்ற கம்பெனியாக வளர்ந்து, இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்பு பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கென்று சுமார் 15,000 ரேடியோ விமானங்களைச் செய்து கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் 1945ல் ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படமெடுத்த இளம் தொழிலாளி நோர்மா ஜீன் டஹர்ட்டி. பின்னாளில் மர்லின் மன்றோ! இவ்வளவு ஆயிரம் விமானங்களை ஓட்டப் புது வீரர்களை எப்படித் தயார் செய்தார்கள் என்ற கேள்விக்கு ராணுவம் கண்டுபிடித்த பதில் சாமர்த்தியமானது. தரையிறக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் பாராசூட் விரியும், விமானம் மெதுவாகக் கீழே வந்துவிடும். கற்றுக்கொள்பவரின் மிகக் கடினமான பாடத்தையே பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்.

போருக்குப் பிறகு சாதாரண மக்களின் காலம் ஆரம்பித்தது. 1947ல் ரே ஆர்டனின் குளோ பிளக் வந்தது. தீப்பொறிக்கான காயிலும் பேட்டரியும் தேவையில்லாமல் போனதால் விமானத்தின் எடை குறைந்தது. 1949ல் வால்டர் குட் 'ரட்டர் பக்' என்ற விமானத்தை வடிவமைத்தார். பெயரே சொல்வது போல ஓட்டுவதற்கு இருந்தது ரட்டர் ஒன்றுதான், அதாவது வாலில் இருக்கும் சுக்கான். 1950களில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்வு இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்ததும் கூட்டம் சேர்ந்தது.

அந்தக் கால டிரான்ஸ்மிட்டரில் இருந்தது ஒரே ஒரு பட்டன். விமானத்துக்குள் 'எஸ்கேப்மென்ட்' என்ற கருவி, அதை இயக்க முறுக்கிய ரப்பர். பட்டனை அழுத்தினால் சுக்கான் முழுக்க வலது பக்கம் போகும். விட்டால் நடுவுக்கு வரும். அடுத்த முறை அழுத்தினால் முழுக்க இடது. கொஞ்சமாகத் திருப்புவது என்ற ஏற்பாடே இல்லை. கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை ஓட்டுபவர் மனதிலேயே கணக்கு வைக்க வேண்டும். மறந்தால் வலது கேட்ட இடத்தில் இடது வரும். ரப்பர் முறுக்கு தீர்ந்துபோனால் எதுவும் வராது.

இன்றைய கண்ணுக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் புதியவர் பிழைத்ததென்னவோ இந்தக் காலத்தில்தான்! பதறிப்போனால் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டால் போதும். டைஹெட்ரல் விமானத்தை நிமிர்த்திவிடும். விமானம் எங்கேயாவது பறந்துபோய்த் தொலையலாம், வயலில் தேடி அலையலாம், ஆனால் ஓட்டுபவரின் பதற்றமே அதைக் கொல்லும் வாய்ப்பு குறைவு.

1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டான் மேத்ஸ், டக் ஸ்ப்ரெங் ஆகியோர் டிஜிட்டல் 'புரொபோர்ஷனல்' முறையைக் கொண்டுவந்தார்கள். குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுதான் சுக்கான் திரும்பும். சுக்கான், எலிவேட்டர், ஏலரான், எஞ்சின் வேகம் எல்லாம் ஒரே நேரத்தில் கையில். வான சாகசம் செய்பவர்களுக்குப் பொற்காலம் பிறந்தது. தலைகீழாகப் பறக்க வேண்டிய விமானத்துக்கு 'வி' இறக்கை இடைஞ்சல் என்று இறக்கையைத் தட்டையாக்கி, உடலின் கீழ்ப்பகுதியில் பொருத்தினார்கள். இந்த விமானம் தானாக நிமிராது. விட்ட இடத்தில் விட்டபடியே போகும். அழகான அந்த விமானங்களைப் பார்த்து ஆசைப்பட்டு இதில் நுழைந்தவர்கள், தங்கள் பதற்றத்தையும் அதே துல்லியத்தோடு விமானத்துக்கு அனுப்பினார்கள். ரேடியோ வளர்ந்தது, புதியவரின் நிலைமை மோசமானது.

அதற்கான மாற்று, பழைய பெனோ இறக்கைக்கே திரும்பிப் போவதாக இருந்தது. 'டிரெய்னர்' என்று தனி இனமே உருவானது. இறக்கை உடலுக்கு மேலே இருக்கும், அடிப்பகுதி தட்டை, நல்ல டைஹெட்ரல், மெதுவான வேகம். அயோவா மாநிலத்து சிக் கம்பெனியின் கேடட் விமானங்களில் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். போர் விமானம் வாங்க வந்த பையன் முகம் சுளிப்பான். ஆனால் ஆறு மாதம் கழித்தும் அந்தப் பெட்டி முழுசாக இருக்கும்.

இன்னொரு நல்ல யோசனை, இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை ஒரு கம்பியால் இணைப்பது. ஒன்று மாணவர் கையில், மற்றது ஆசிரியர் கையில். ஆசிரியர் ஒரு ஸ்விட்சைப் பிடித்திருக்கும்வரை மாணவர் ஓட்டலாம். ஆபத்து என்றால் ஸ்விட்சை விட்டால் போதும், விமானம் ஆசிரியர் கைக்கு வந்துவிடும். 'பட்டி பாக்ஸ்' என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்குமே, அதே யோசனை. கூடவே சில வாய்மொழிப் பாடங்களும் கிளப்புகளில் பரவின. "மூன்று தவறு உயரத்தில் பற" என்பது ஒன்று. மூன்று தவறு செய்தாலும் தரை வராத உயரம் என்று அர்த்தம். இன்னொன்று இடது வலது குழப்பத்துக்கான மருந்து. விமானம் எதிரே வரும்போது யோசிக்கவே கூடாது. எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, தன் பார்வையில் அது எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் போதும். முட்டுக்கொடுப்பது போல. எந்த எலெக்ட்ரானிக்ஸும் இல்லாத இந்த ஒரு வாக்கியம் காப்பாற்றிய விமானங்களுக்குக் கணக்கே இருக்காது.

என்ன கற்றாலும் அடுத்தவர் தவறிலிருந்து தப்ப வழியில்லாத காலமும் இருந்தது. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸில் விமானங்களுக்கு 50 சேனல்கள். ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கும் சேனலில் இன்னொருவர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால் மேலே இருக்கும் விமானம் விழும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, சேனல் எண் எழுதிய துணி கிளிப்புகளை மாட்டிவைப்பார்கள். கிளிப் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் ஆன் செய்யலாம். பல நூறு டாலர் விமானத்தின் உயிர் ஒரு துணி கிளிப்பில்! 2000களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்து இந்தப் பயத்தைப் போக்கியது.

மின்சார மோட்டார் கதை நீளமானது. 1957 ஜூன் 30ல் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் மின்மோட்டார் விமானத்தை ரேடியோவில் ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவாகும்வரை, அதாவது 2000கள் வரை, பெட்ரோலின் தம்பியான மெத்தனால் வாசனைதான் மைதானங்களில். எஞ்சின் கிளப்ப விசிறியைக் கையால் சுழற்றி விரலை வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. அதற்குப் பயன்படும் குச்சிக்கு 'சிக்கன் ஸ்டிக்', பயந்தாங்கொள்ளிக் குச்சி என்று கேலிப் பெயர். பயந்தவர்களுக்கு விரல் மிஞ்சியது. மோட்டாரோடு வந்த நுரைப்பலகை விமானங்கள் புதியவருக்குச் செய்த உதவி பெரியது. விழுந்து உடைந்தால் பசை தடவி ஒட்டி, அன்று சாயங்காலமே மறுபடி பறக்கவிடலாம். தவறு செய்யும் செலவு குறைந்தால் கற்பது தானாக வேகமாகும்.

2003 ஆகஸ்டில் நடந்தது தனி ரகம். மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர், வயது 77, கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது, காதும் கேட்காது. அவர் செய்த பால்சா விமானம், எரிபொருளோடு சேர்த்து எடை 5 கிலோவுக்கும் கீழே, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. சுமார் 3,030 கிலோமீட்டர், 38 மணி 52 நிமிடம். அதற்கு முந்தைய முயற்சிகள் எல்லாம் தோல்வி. நடுவழி முழுக்க ஜிபிஎஸ் உதவியோடு விமானம் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டது. மனிதர்கள் ஓட்டியது கிளம்பும்போதும் இறங்கும்போதும் மட்டும். குட் சகோதரர்களின் கஃப் போல இதுவும் தானாகப் பறக்கும் விமானம்தான், இந்த முறை இறக்கையோடு கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது.

பிற்பாடு செல்போன்களால் மலிவான கைரோ சில்லுகள் கற்றுக்கொள்வோர் விமானங்களுக்குள்ளும் வந்தன. குச்சியை விட்டால் விமானம் நிமிர்ந்துவிடும். டைஹெட்ரல் செய்த வேலையை இப்போது ஒரு சில்லு செய்கிறது.

தேர்வும் திரும்ப வந்துவிட்டது. 2018ல் வந்த சட்டப்படி அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக விமானம் ஓட்டுபவர்களும் ஒரு பரீட்சை எழுத வேண்டும். 'டிரஸ்ட்' என்ற பெயரில் 2021 ஜூனில் தொடங்கிய இந்தப் பரீட்சை இலவசம், ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். மோர்ஸ் குறியீடு இல்லை :-) தவறான விடை கொடுத்தால் ஏன் தவறு என்று சொல்லிக்கொடுத்து, சரியான விடை வரும்வரை மறுபடி கேட்கும். யாரும் அதில் ஃபெயிலாக முடியாது.