கண்மூடிய பதினாறு பேர்

1929 டிசம்பரில் பாரிஸின் சர்ரியலிச இதழொன்றில் ஒரு படம் வந்தது. நடுவில் ஆடையற்ற பெண். ரெனே மக்ரித் வரைந்த ஓவியம். சுற்றிலும் 16 ஆண்களின் புகைப்படங்கள். எல்லோரும் கண்களை மூடியிருக்கிறார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் பெண்ணைக் காணவில்லை என்கிறது ஓவியத்திலுள்ள வாசகம். அதில் ‘பெண்’ என்ற சொல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் அவள் உடல் நிற்கிறது.

1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கை, கனவையும் நனவிலியையும் பகுத்தறிவின் பிடியிலிருந்து விடுவிக்க முனைந்தது. அந்த விடுதலையில் பெண் காதலியாகவும் கனவுருவாகவும் இருந்தாள். கனவு காண்பவளாக அவளை ஏற்கத்தான் தயக்கம்.

1936இல் மெரெட் ஓப்பன்ஹைம் ஒரு தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றையும் மானின் உரோமத்தால் போர்த்தினார். உதடு படவேண்டிய விளிம்பில் மயிர். உபசரிப்பு என்ற பெண்வேலை அங்கே குமட்டலாகிறது. பிரெத்தோன் அதற்குச் சூட்டிய பெயரோ, உடுத்திய ஆண்களோடு உடையற்ற பெண் அமர்ந்திருக்கும் மானேயின் ஓவியத்தை நினைவூட்டியது. பெண் செய்த பொருளை ஆண் வைத்த பெயர் மறுபடியும் அவள் உடலாக்கியது.

1906இல் ஷில்லாங்கில் ஆங்கிலேய அதிகாரியின் மகளாகப் பிறந்தவர் இதெல் கொஹூன். 1938இல் அவர் வரைந்த ‘ஸ்கில்லா’வில் கடலிலிருந்து இரு பாறைகள் எழுகின்றன, இடையே ஒரு படகு. உற்றுப்பார்த்தால் அவை குளியல் தொட்டியில் கிடப்பவளின் தொடைகள். பார்க்கிறவளும் பார்க்கப்படுகிறவளும் ஒருத்தியே. மறைஞான ஈடுபாட்டைக் கைவிட மறுத்ததால் 1940இல் லண்டன் குழுவிலிருந்து அவர் வெளியேற நேர்ந்தது. 2025இல் டேட் கலைக்கூடம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. அவர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து.

சர்ரியலிச உத்திகளை விளம்பரத்துறை விரைவிலேயே எடுத்துக்கொண்டது. மூடிய கண்களும் கூடவே வந்தனவோ என்று தேவர்சோலையிலிருந்து பார்க்கையில் தோன்றுகிறது. ஊர்ப்பெயரிலேயே காடு இருக்கிறது, சுற்றிலும் தேயிலை. தேயிலைப் பொட்டலத்தின் மேல் கொழுந்து பறிப்பவள் எப்போதும் சிரிக்கிறாள். கூடலூர் வட்டாரத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பலர், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்த்தனுப்பப்பட்ட மலையகப் பெண்கள். அந்தப் பயணமும் அட்டைக்கடியும் முதுகுவலியும் பொட்டலத்தில் இல்லை.

கொஹூனைப்போல அவளும் குனிந்து தன்னைப் பார்த்து வரைந்தால், சிரிப்பிலிருந்து தொடங்கமாட்டாள். கறைபடிந்து வெடித்த விரல்களிலிருந்து தொடங்கக்கூடும்.