சிக்குபுக்கு ரயிலுக்கு முன்னால்: ஒரு டிரம்மர், ஒரு பாடகர், ஒரு ராக் குழு

2000ல் ‘தென்காசிப்பட்டணம்’னு ஒரு மலையாளப் படம் வந்தது. ராஃபி – மெக்கார்ட்டின் இயக்கியது. நம்ம ஊர்ப் பேர் என்பதால் குத்துக்கல்வலசை, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் அந்தப் பேர் பலருக்கும் தெரியும். ஆனால் அதுக்கு இசை போட்டவர் யாருன்னு கேட்டா பாதிப் பேருக்குப் பதில் வராது. அவர் சுரேஷ் பீட்டர்ஸ். 1993ல் ‘ஜென்டில்மேன்’ படத்தில் ‘சிக்குபுக்கு ரயிலே’ பாடிய அதே குரல்.

அவர் கதையைச் சொல்லணும்னா 1980களின் சென்னைக்குப் போகணும். அங்கே ‘ரூட்ஸ்’ என்றொரு இசைக்குழு இருந்தது. கீபோர்டில் ஏ.ஆர். ரஹ்மான், தாளத்தில் சிவமணி, கூடவே ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா. பின்னாடி ரஹ்மான் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் தொடங்கினார். பகலில் சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ எழுதிய நொட்டேஷனை வாசிக்கிறது, மிச்ச நேரத்தில் தனக்குப் பிடிச்ச இசையை வாசிக்கிறது. இந்த இளைஞர்கள் பலருக்கும் வாழ்க்கை இப்படித்தான் இரண்டாக ஓடியது.

சிவமணி 1959ல் பிறந்தவர். அப்பா எஸ்.எம். ஆனந்தனும் டிரம்மர்தான். ஏழு வயசிலேயே குச்சியைக் கையில் எடுத்தவர். சினிமா வாசிப்பு சோறு போட்டாலும், மேடையை அவர் விடவே இல்லை. 1990ல் மும்பை ரங் பவனில் அமெரிக்க டிரம்மர் பில்லி கோபமுடன் சேர்ந்து வாசித்தார். தண்ணிக் கேன், சூட்கேஸ்னு கையில் கிடைச்சதெல்லாம் அவருக்கு வாத்தியம். பிறகு சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டங்களுக்கு வாசித்தார். 2019ல் பத்மஸ்ரீ வந்தது.

சுரேஷ் பீட்டர்ஸுக்குப் பாதை வேற. 1992ல் ‘ரோஜா’ வந்ததும் குழுவின் கீபோர்டுக்காரர் இசையமைப்பாளர் ஆகிவிட்டார். அடுத்த வருஷமே ‘சிக்குபுக்கு ரயிலே’. கூடப் பாடிய சின்னப் பையன் ஜி.வி. பிரகாஷ்குமார். 1994ல் ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’. அதில் தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரலும் ஷாகுல் ஹமீதின் குரலும் இவர் குரலோடு மோதும். குழைவு, கமகம் எதுவும் தேடாம, சொல்லைத் தாளத்தில் அடிச்சு வைக்கிற பாட்டு முறை அது. தமிழ்ப் பின்னணிப் பாட்டில் அதுவரை அதுக்கு இடம் ரொம்பக் குறைவு.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வைப் பாடியவர் அந்தக் குழுவின் டிரம்மர் டான் ஹென்லி. ஜெனிசிஸ் குழுவின் டிரம்மர் ஃபில் காலின்ஸ் பின்னாளில் அதே குழுவின் பாடகரானார். பாட்டு குழுவுக்குச் சொந்தம், முகமும் அவங்க முகம். நம்ம ஊரில் ஒரு ராக் பாடகருக்கு அப்படி ஏன் அமையலை?

காரணம் திறமை இல்லை, அமைப்பு. தமிழில் பாட்டை மக்களிடம் கொண்டு சேர்த்த ஒரே பெரிய வண்டி சினிமா. அதில் ஏறினால் முகம் நடிகருக்கு, பாட்டு இசையமைப்பாளருக்கு, உரிமை கேசட் கம்பெனிக்கு. ‘சிக்குபுக்கு’ன்னா நமக்குப் பிரபுதேவாவின் கால்தான் கண்ணில் நிக்குது. வண்டியில் ஏறாமல் நடந்து பார்த்தவங்களும் உண்டு. ரஹ்மானே 1991ல் மால்குடி சுபாவை வைத்து ‘செட் மீ ஃப்ரீ’ என்ற ஆங்கில ஆல்பம் செய்தார், எடுபடலை. சுரேஷ் பீட்டர்ஸும் ‘மின்னல்’னு தனி ஆல்பம் போட்டார். ஆனால் அவர் நிலைச்சது படத்துக்கு இசையமைப்பதில்தான். 1995ல் தமிழில் ‘கூலி’, அப்புறம் மலையாளத்தில் ‘பஞ்சாபி ஹவுஸ்’ (1998), ‘தென்காசிப்பட்டணம்’, ‘ராவணப்பிரபு’ (2001). சென்னையின் ராக் மேடை வளர்த்த ஆளை, ஆரியங்காவு தாண்டி கேரளம்தான் இசையமைப்பாளராகக் கொண்டாடியது.

அப்போ ரூட்ஸ் தோத்துப்போச்சா? அப்படிச் சொல்ல மாட்டேன். குழு கலைஞ்சாலும் அதன் பழக்கம் சினிமாவுக்குள் போயிருக்கு. வாசிப்பவர்களின் பேரை ஆல்பத்தில் அச்சிடும் வழக்கத்தை ரஹ்மான் பரவலாக்கினார். கூட்டாக வாசிச்ச ஆளுக்குத்தான் பக்கத்தில் இருப்பவனின் பேர் முக்கியம்னு தெரியும் என்பது என் எண்ணம்.

பழைய கேசட் வீட்டில் கிடந்தா தூக்கிப் போடாதீங்க. உள்ளே மடிச்சிருக்கும் அட்டையை விரிச்சு, பொடி எழுத்தில் இருக்கும் பேர்களைப் படிங்க. சினிமா தாண்டி எழுதப்படாத தமிழ் இசை வரலாறு நிறைய அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கு.